கேள்விகளின் தோழர் கே. எஸ். கிருஷ்ணன்

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சியை மாணவியர் மறந்திருக்க மாட்டார்கள். மேல்வகுப்பு மாணவியர் இருவர் ஒரு செம்புக் கம்பியையும் ஓர் இரும்புக் கம்பியையும் எடுத்து, ஒரு முனையில் இரண்டையும் சேர்த்து முறுக்கி, மறுமுனைகளைக் கால்வனாமீட்டரில் இணைத்து வைத்திருந்தனர். முறுக்கிய முனையை மெழுகுவத்திச் சுடருக்கு அருகில் கொண்டு சென்றதும் கருவியின் முள் மெல்ல நகர்ந்தது. மின்கலம் இல்லை; டைனமோ இல்லை; வெறும் சூட்டிலிருந்து மின்சாரம் வந்தது. கூடியிருந்தோர் கைதட்டினர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உலைக்கூடம் ஒன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர் அதைக் கண்டதும் மகிழ்ந்து, தம் உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் இதே வித்தைதான் என்று விளக்கினார். குரோமல், அலுமல் என்னும் இரு உலோகக் கலவைக் கம்பிகளைச் சேர்த்துச் செய்வது அது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 41 பங்கு மின்னழுத்தம் தரும். உலை 1000 டிகிரி செல்சியஸை எட்டும்போது அந்தக் கம்பிகள் தருவது சுமார் 41 மில்லிவோல்ட். அந்தச் சிறு துடிப்பைப் பார்த்துத்தான் எஃகைப் பதப்படுத்தும் தொழிலாளி, உலையினுள் கைவிடாமலேயே சூட்டை அறிகிறார்.

கண்காட்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தயங்கியபடி வந்து நின்றாள். கம்பியைச் சூடாக்கினால் சூடுதானே வரவேண்டும், மின்சாரம் ஏன் வருகிறது என்று கேட்டாள். கூட்டத்தில் கேட்டால் சிரிப்பார்களோ என்று அதுவரை காத்திருந்தாளாம். நாம் சொன்ன விடை அவளுக்கும் நிறைவு தரவில்லை. நமக்கும் நிறைவு தரவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு நூலகத்தில் தேடியபோது நமக்குக் கிடைத்தவர்தான் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். வெப்பம், மின்சாரம், காந்தம், படிகம் ஆகிய நான்கும் சந்திக்கும் இடத்தில் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் அவர். அவருடைய வாழ்வை நம் மாணவியர்க்கு இங்கே சுருக்கிக் கூற விரும்புகிறோம்.

வத்திராயிருப்புச் சிறுவன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகே, வத்திராயிருப்பு என்னும் ஊர் உள்ளது. இன்று அது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1898 டிசம்பர் 4 ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தவர்; அதே சமயம் தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உடையவர். வயலும் ஏடும் ஒரே வீட்டில் இருந்தன. பிற்காலத்தில் கிருஷ்ணன் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானியாக விளங்கியபோதும் இலக்கியச் சுவையை விட்டாரில்லை. அறிவியலைக் கற்பதற்காக இலக்கியத்தைக் கைவிட வேண்டும் என்று அவர் எண்ணியதில்லை.

திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று அவருடைய கல்வி வளர்ந்தது. கிறித்தவக் கல்லூரி என்றதும் நம் மாணவியர் தாம்பரத்தை நினைப்பார்கள். ஆனால் அக்கல்லூரி தாம்பரத்துக்குச் சென்றது 1937 ஆம் ஆண்டில்தான். கிருஷ்ணன் படித்த நாளில் அது ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கும் நம் பெற்றோர் பலர் அந்தத் தெருவை நன்கு அறிவர்.

நண்பகல் உரையாடல்

பட்டம் பெற்றபின் கிருஷ்ணன் அதே கல்லூரியில் வேதியியல் செயல்முறை ஆசிரியராகப் பணியேற்றார். ஆய்வுக்கூடத்தில் குடுவைகளையும் அமிலங்களையும் எடுத்துவைத்து மாணவர்க்குச் செய்முறை காட்டுவது அவர் வேலை. பதவி சிறியது. ஆனால் அந்தச் சிறிய பதவியில் இருந்துகொண்டு அவர் ஒரு பெரிய காரியம் செய்தார்.

நண்பகல் இடைவேளையில் அவர் மாணவர்களுடன் அமர்ந்து உரையாடத் தொடங்கினார். பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. இயற்பியல், வேதியியல், கணிதம் எதைப் பற்றியும் யாரும் கேட்கலாம். அது எவ்வளவு எளிய ஐயமாயினும் அவர் அதை மதித்து விடை தேடுவார். இச்செய்தி பரவவே, பிற கல்லூரி மாணவர்களும் அவ்வுரையாடலுக்கு வரத்தொடங்கினர். மேசையைத் தட்டி அடக்கும் ஆசிரியரை விட்டு விலகும் இளைஞர் கூட்டம், கேள்வியை வரவேற்கும் ஆசிரியரைத் தேடி வெயிலில் நடந்து வருமன்றோ?

ஒளியின் பின்னால்

அந்நாளில் கல்கத்தாவில் சர் சி. வி. ராமன் ஒளியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் அந்நிறுவனம் பௌபஜார் தெருவில் இருந்தது. கிருஷ்ணன் கல்கத்தா சென்று, 1923 ஆம் ஆண்டில் ராமனின் ஆய்வுத் துணைவரானார். நீர்மங்களின் ஊடே செல்லும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே அவருக்குத் தரப்பட்ட பொருள்.

சில ஆண்டுகள் அவர் பெரிதும் கோட்பாட்டு ஆய்விலேயே ஈடுபட்டிருந்தார். 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் ராமனின் தூண்டுதலால் மீண்டும் சோதனை மேசைக்கு வந்தார். சோதனை கேட்பதற்கு எளிது. சூரிய ஒளியை நீலக்கண்ணாடி வழியே செலுத்தித் தூய நீர்மத்தில் பாய்ச்சுவர். நீர்மத்திலிருந்து சிதறிவரும் ஒளியை, நீலத்தை முற்றும் தடுக்கக்கூடிய மற்றொரு கண்ணாடி வழியே நோக்குவர். உள்ளே போனது நீலம் மட்டும். கண்ணுக்கு முன்னே நீலத்தைத் தடுக்கும் திரை. எனவே ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது! அப்படியானால் நீர்மத்தின் மூலக்கூறுகள் ஒளியின் நிறத்தையே மாற்றியிருக்கின்றன.

இதைச் சொல்வது எளிது, உறுதிசெய்வது கடினம். நீர்மத்தில் சிறிது அழுக்கு இருந்தாலும் அதுவே வேறு நிறத்தில் ஒளிர்ந்து ஆய்வாளரை ஏமாற்றிவிடும். ஆகவே நீர்மங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்க வேண்டும். சுமார் அறுபது நீர்மங்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் தாங்கிய கட்டுரை 1928 மார்ச் 31 ஆம் நாள் நேச்சர் இதழில் வெளிவந்தது. அதுவே ராமன் விளைவு. பிப்ரவரி 28 ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாக நாம் ஆண்டுதோறும் பள்ளியில் கொண்டாடுவது அந்தக் கண்டுபிடிப்பின் நினைவாகத்தான்.

1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமனுக்கு வழங்கப்பட்டது. அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனுக்கும் அதில் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்று இன்றளவும் அறிஞர்கள் பேசுகின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஆய்வுப் பொருளைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அதன்பின் நின்று வழிகாட்டியவர் ராமன் என்பது உண்மை. அந்தச் சோதனை மேசையருகே கண் வலிக்க நின்றவர் கிருஷ்ணன் என்பதும் உண்மை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. உலகமே வியந்த ஒரு கண்டுபிடிப்பில் பங்குகொண்டு, பெரும்புகழ் தம்மைத் தொட்டும் தொடாமலும் சென்றபின், முப்பது வயது இளைஞர் ஒருவர் என்ன செய்வார்? மனம் கசந்து ஓய்ந்துவிடலாம். பழம்பெருமையையே பேசிக்கொண்டு வாழலாம். கிருஷ்ணன் இரண்டையும் செய்யவில்லை. 1928 இறுதியில் டாக்காப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஒளியை விட்டுவிட்டு, முற்றிலும் புதியதொரு துறையை முதலிலிருந்து தொடங்கினார்.

டாக்காவில் தொங்கிய படிகம்

நம் அம்மாமார் பட்டுப்புடவைக்கிடையே போட்டுவைக்கும் அந்துருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் பயன்பட்டுவந்த நாப்தலீன் என்னும் பொருள் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கரிமப் பொருள். அதன் மூலக்கூறு, ஆறு கரி அணுக்கள் கொண்ட வளையங்கள் இரண்டு ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கும். மூன்று வளையங்கள் ஒட்டினால் அது ஆந்தரசீன். இத்தகைய பொருள்களின் படிகங்களைத்தான் கிருஷ்ணன் எடுத்துக்கொண்டார்.

ஒரு சிறு படிகத்தை மிக மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டி, வலிமையான காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். காந்தம் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் நிற்கச் செய்யும். மேலே இழையைச் சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் தன் நிலையை விடாமல் நெடுநேரம் தாங்கும். பின்பு ஒரு கட்டத்தில் சட்டென்று திரும்பிவிடும். எத்தனை முறுக்குக்குப்பின் அது திரும்பியது என்பதைக் கணக்கிட்டால், அப்படிகம் ஒரு திசையில் காந்தத்துக்கு எவ்வாறு நடந்துகொள்கிறது, மற்றொரு திசையில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்னும் வேறுபாட்டை நுட்பமாக அறியலாம். இழை, காந்தம், பொறுமை ஆகிய மூன்றையும் கொண்டு உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் வியக்கும்படி அளவெடுத்தார். பானர்ஜி, குஹா முதலிய இளைஞர்கள் அவருக்குத் துணைநின்றனர்.

அந்த அளவுகள் சொன்ன செய்தி என்ன? வளைய வடிவ மூலக்கூறுகளில் சில எலெக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடப்பதில்லை. வளையத்தைச் சுற்றி உலவுகின்றன. அதனால் மூலக்கூறின் தளத்திற்குச் செங்குத்தான திசையில் காந்த விளைவு மிகுதியாகத் தெரிகிறது. ஆகவே, படிகத்தின் காந்தக்குணத்தை அளந்தாலே அதனுள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கூறிவிடலாம். எக்ஸ்கதிர்களைக் கொண்டு பெரும் உழைப்பால் கண்டறியப்பட்டதைக் காந்தத்தைக் கொண்டும் கண்டறிய வழி பிறந்தது.

கடல் கடந்த துணை

இங்கே நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெண்மணி வருகிறார். கேத்லீன் லான்ஸ்டேல் 1903 ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. இங்கிலாந்தில் அவர் படித்த பெண்கள் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் உயர்கணிதமும் கற்பிக்கப்படவில்லை. அவற்றைக் கற்பதற்காக அவர் ஆண்கள் பள்ளிக்குச் சென்று, அத்தனை மாணவர்க்கிடையே ஒரே பெண்ணாக அமர்ந்து படித்தார். 1929 ஆம் ஆண்டில் எக்ஸ்கதிர் ஆய்வினால் பென்சீன் வளையம் தட்டையானது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் அவரே.

வளையத்தின் வடிவை அவர் கண்டார். அவ்வளையத்தில் உலவும் எலெக்ட்ரான்களின் காந்தக்குணத்தைக் கிருஷ்ணன் அளந்தார். இருவரும் சேர்ந்து படிகங்களின் காந்தக்குணத்துக்கும் மூலக்கூறு அமைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதிய கட்டுரையை 1936 ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அச்சங்கம் கிருஷ்ணனை 1940 ஆம் ஆண்டில் தன் உறுப்பினராக்கியது. பெண்களுக்கு அவ்வாயில் திறந்தது 1945 ஆம் ஆண்டில்; முதன்முதல் உறுப்பினரான பெண்கள் இருவரில் ஒருவர் கேத்லீன். மூன்று பிள்ளைகளின் தாயான அவர், போரில் எவ்வகையிலும் பங்கேற்கத் தம் மனச்சாட்சி இடங்கொடாமையால், போர்க்காலக் குடிமைப் பணிக்குப் பெயர் பதிய மறுத்து, அபராதமும் கட்டாமல், 1943 ஆம் ஆண்டில் ஒரு மாதம் சிறையிலிருந்தார். கிருஷ்ணனின் மறைவுக்குப்பின் ராயல் சொசைட்டிக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஹோமி பாபாவுடன் சேர்ந்து எழுதியவரும் இவர்தாம்.

பென்சிலுக்குள் ஓர் உலகம்

1933 ஆம் ஆண்டில் கிருஷ்ணன் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து, முன்பு ராமன் விளைவு பிறந்த அதே நிறுவனத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். அங்கே அவர் கவனத்தை ஈர்த்தது கிராஃபைட். நம் பென்சிலின் நடுவிலுள்ள கரிதான் அது. கரி வளையங்கள் இரண்டு மூன்று என்றில்லாமல், எல்லையின்றி ஒட்டிக்கொண்டே போய் ஒரு தாள்போல் பரந்து, அத்தகைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே கிராஃபைட். அப்பளக் கட்டைப்போல் என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

கங்கூலி என்பவருடன் சேர்ந்து கிருஷ்ணன் அதன் மின்கடத்தலை அளந்தார். தாளின் தளத்திலே மின்சாரம் தாராளமாக ஓடியது. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குக் குறுக்கே செல்லவோ மிகவும் இடர்ப்பட்டது. ஒரே பொருள், ஒரே துண்டு. ஆனால் திசை மாறினால் குணம் மாறுகிறது. இது 1939 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளிவந்தது. எலெக்ட்ரான்கள் தாளுக்குள் கட்டற்று ஓடுகின்றன, தாள் விட்டுத் தாள் தாவ முடிவதில்லை என்னும் இந்தச் சித்திரம் பின்வந்தோர்க்குப் பெரிதும் பயன்பட்டது. 2004 ஆம் ஆண்டில் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எனப்படும் ஒற்றைத் தாளையே தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 2010 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அதற்கே கிடைத்தது.

டெல்லியில் வெப்பமும் மின்னும்

1942 முதல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த கிருஷ்ணனை, 1947 ஆம் ஆண்டில் நாடு அழைத்தது. புதுடெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அமைக்க அவ்வாண்டு ஜனவரி 4 ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டியிருந்தார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரி 21 ஆம் நாள் சர்தார் பட்டேல் அதைத் திறந்துவைத்தார். ஒரு மீட்டர் எவ்வளவு, ஒரு கிலோகிராம் எவ்வளவு, ஒரு வினாடி எவ்வளவு என்று நாட்டின் அளவைகளைக் காக்கும் இடம் அதுவே. நாட்டின் மூலக் கிலோகிராம் படிக்கல்லாக 57 ஆம் எண் கொண்ட எடை அங்கே வைக்கப்பட்டது. 1962 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மையும் அவ்வாய்வுக்கூடத்தில் உருவானதே.

இயக்குநர் நாற்காலி பெரியது, கோப்புகள் மிகுதி. ஆனால் கிருஷ்ணன் ஆய்வை விட்டாரில்லை. அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் நம் ஏழாம் வகுப்புச் சிறுமியின் கேள்விக்கு நெருங்கியது. ஒரு பொருளை மிகவும் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள், கொதிக்கும் உலைநீரிலிருந்து ஆவி எழுவதுபோல் வெளியேறும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வெளியேறும் என்று அளப்பது எளிதன்று. பொருளின் மேற்பரப்பில் சிறு மாசு இருந்தாலும் கணக்குத் தவறிவிடும். கிருஷ்ணன் ஒரு நேர்த்தியான வழி கண்டார். பொருளை ஒரு குழிந்த அறையாகச் செய்து, காற்றில்லா வெளியில் வைத்துச் சூடாக்கி, அதில் ஒரு சிறு துளை மட்டும் விட்டார். மூடிய பானைக்குள் ஆவி நிரம்பி நிற்பதுபோல் அறைக்குள் எலெக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும். துளைவழி வருபவற்றை அளந்தால் போதும், மேற்பரப்பின் குறைகள் கணக்கைக் கெடுக்கா. எஸ். சி. ஜெயின் என்னும் இளைஞருடன் சேர்ந்து கிராஃபைட்டையும் பல உலோகங்களையும் இவ்வாறு அளந்தார்.

இப்போது அந்தச் சிறுமிக்கு விடை சொல்வோம். கம்பிக்குள்ளும் எலெக்ட்ரான்கள் உலவுகின்றன. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்குள்ளவை வேகம் பெற்றுக் குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன. அங்கே நெரிசல், இங்கே பற்றாக்குறை. இந்த ஏற்றத்தாழ்வுதான் மின்னழுத்தம். உலோகத்துக்கு உலோகம் இதன் அளவு வேறுபடும். ஆகவே ஒரே வகைக் கம்பிகள் இரண்டைச் சேர்த்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி முள் அசையாது. செம்பும் இரும்பும் சேர்ந்தால் வேறுபாடு மிஞ்சும், முள் நகரும். இதை 1821 ஆம் ஆண்டில் கண்டவர் ஜெர்மானியரான சீபெக்.

இன்று இக்கலை ஒரு புதிய வாயிலில் நிற்கிறது. வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருள், மின்சாரத்தை நன்கு கடத்த வேண்டும். ஆனால் வெப்பத்தைக் கடத்தக்கூடாது. கடத்தினால் இரு முனைகளும் ஒரே சூடாகி மின்சாரம் நின்றுவிடும். பிஸ்மத், டெல்லூரியம் சேர்ந்த கலவை இதற்கு ஏற்றது. ஆயினும் டெல்லூரியம் அரியது, அக்கலவை எளிதில் நொறுங்குவது. கரிமப் பொருள்களோ இயல்பாகவே வெப்பத்தைக் குறைவாகக் கடத்துபவை. பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை 1977 ஆம் ஆண்டில் ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகாவா ஆகியோர் காட்டினர். 2000 ஆம் ஆண்டில் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் இத்தகைய பொருள்களை மைபோல் பூசி, வளையக்கூடிய மென்படலமாக்கி, வீணாகும் சூட்டிலிருந்தும் மனித உடலின் சூட்டிலிருந்துமே சிறு கருவிகளுக்கு மின்சாரம் எடுக்க ஆய்வாளர் முயல்கின்றனர். பெடாட் என்னும் கரிமப் பொருளின் மென்படலம் இத்துறையில் புகழ்பெற்றது. இதன் திறனைக் குறிக்கும் எண் பிஸ்மத் கலவைக்கு ஏறக்குறைய 1. பெடாட் படலத்துக்கு 2011 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் 0.25 வரை கண்டனர். தூரம் இன்னும் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது.

கிருஷ்ணன் இத்தகைய படலங்களைச் செய்தவரல்லர். அவர் காலத்தில் அவை இல்லை. ஆனால் கரி வளையங்களில் எலெக்ட்ரான்கள் எத்திசையில் எளிதாக ஓடும், எத்திசையில் தயங்கும் என்று அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்றைய மென்படல ஆய்வாளரும் கேட்கிறார். படலத்தில் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் மின்கடத்தலும் அமைகிறது. டாக்காவில் மெல்லிய இழையில் தொங்கிய அந்தப் படிகம் அதே பாடத்தை முன்பே நடத்திவிட்டது.

நிறைந்த மனிதர்

சிறப்புகள் அவரை நாடி வந்தன. 1946 இல் சர் பட்டம். 1954 இல் பத்ம பூஷண். 1958 இல் முதலாவது பட்நாகர் பரிசு. தேசியப் பேராசிரியர் என்னும் உயர்நிலை. 1961 ஜூன் மாதம் அவர் மறைந்தார். தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கும் டெல்லிச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் பெரிய விஞ்ஞானி என்பதோடு நிறுத்திவிடாமல், முழுமையான மனிதர் என்றும் நல்ல குடிமகன் என்றும் நேரு போற்றினார். அந்தப் பாராட்டே மற்றெல்லாப் பட்டங்களிலும் மேலானது என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் வாழ்விலிருந்து நம் மாணவியர் எடுத்துக்கொள்ள வேண்டியவை பல. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறோம். கிடைக்காத பரிசை எண்ணி அவர் வாடியிருந்தால், டாக்காவின் படிகமும் இல்லை, கிராஃபைட்டின் தாள்களும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் ஓரிடம் தவறியதற்காகச் சோர்ந்துபோகும் நம் பெண்கள் இதை நினைவிற் கொள்க. மற்றொன்று, ஆசிரியராகிய நமக்கே உரியது. சென்னையில் ஒரு சிறு பதவியிலிருந்த இளைஞர் தம் உணவு வேளையைப் பிறர் கேள்விகளுக்குக் கொடுத்தார். அதற்குப் பணமோ கட்டடமோ தேவைப்படவில்லை.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து கேட்ட அந்தச் சிறுமி, இன்னும் எத்தனை பேர் அவ்வாறு கேளாமலே வீடு திரும்புகின்றனர் என்று நம்மை எண்ணவைத்தாள். ஆகவே வரும் கல்வியாண்டிலிருந்து செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாள்களிலும் நண்பகல் இடைவேளையில் நம் அறிவியல் கூடத்தின் கதவு திறந்திருக்கும். பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் வருபவளாயினும், ஆவடியிலிருந்து ரயிலில் வருபவளாயினும், எந்த வகுப்பாயினும், உணவுப் பாத்திரத்தோடு வரலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, நாமும் உடனமர்ந்து தேடுவோம்.